கடைமடையிலிருந்து தொடங்கும் கணக்கு

கொற்கை என்றதும் நம் நினைவுக்கு வருவது முத்து. பாண்டியரின் துறைமுகம், யவனர் கலங்கள், அக்காசாலையில் வார்க்கப்பட்ட நாணயங்கள் ஆகியவற்றைப் பள்ளிப் பாடங்களிலேயே படித்திருக்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலும், அதன் பின்வந்த தாலமியும் 'கொல்கோய்' என்று இவ்வூரைக் குறித்துள்ளனர். 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கி.மு. எட்டாம் நூற்றாண்டளவிலேயே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதை உணர்த்தியது.

கொற்கையின் கடல்வளத்தை இவ்வளவு பேசும் நாம் அதன் நன்னீரைப் பற்றிப் பேசுவதில்லை. மன்னார் வளைகுடாவின் கரை நெடுகிலும் ஊர்கள் இருக்க, பெருந்துறை கொற்கையில் அமைந்ததற்குக் காரணம் தாமிரவருணியே. கலங்கள் ஒதுங்க ஆற்றின் முகத்துவாரம் வேண்டும். மாலுமிகளுக்குக் குடிநீர் வேண்டும். குளிப்போருக்கும் வணிகருக்கும் சோறளிக்க வயல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே தந்தது அந்த ஆறு. முத்தைத் தந்தது கடல். முத்தெடுப்பவனை வாழவைத்தது பொருநை நீர்.

அந்த ஆறே கொற்கையின் துறைமுகத்தை முடித்தும் வைத்தது. வெள்ளந்தோறும் அது சுமந்துவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது, கடல் பின்வாங்கியது. இன்று கொற்கை, ஏரலுக்கு அருகே, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, குளமும் வயலும் சூழ்ந்த சிற்றூர். துறை முதலில் காயலுக்கு இடம் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அக்காயலையே. பின்னர் அதுவும் தூர்ந்தது. புனித சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்த காலத்தில் புன்னைக்காயல் முத்துக்குளித்துறையின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாய் விளங்கியது. அதன்பின் தூத்துக்குடி தலையெடுத்தது. கொற்கையிலும் காயலிலும் நேரில் ஆராய்ந்த கால்டுவெல் ஐயர், 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவ்விடப்பெயர்ச்சியைத் தெளிவாக விளக்கியுள்ளார். மலையில் நிகழ்வது முகத்துவாரத்தில் எழுதப்படுகிறது என்பதே கொற்கை நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் பங்கீட்டைப் பற்றியது. தூத்துக்குடி மாவட்டம் வறண்ட நிலம். ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 65 செ.மீ. மட்டுமே. ஆனால் பொதிகை மலையோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறுகிறது. எங்கோ பெய்த மழையை எங்கோ இருப்பவர் உண்ணச் செய்யும் பாலம் தாமிரவருணி. அதன் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு அணைக்கட்டுகளை முன்னோர் அமைத்தனர். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்து 1870-களில் பயனுக்கு வந்தது. இவ்வெட்டின் வழியே 11 கால்வாய்களும், அவற்றால் நிறையும் 187 குளங்களும், 86,107 ஏக்கர் பாசன நிலமும் வாழ்கின்றன. இதில் ஸ்ரீவைகுண்டத்தின் பங்கு 25,560 ஏக்கர். அதாவது பத்தில் மூன்று பங்கு நிலம், எட்டாவது அணைக்கட்டை, கடைசிக் கதவை, நம்பி நிற்கிறது.

அந்த அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. தென்கால் கடம்பாகுளம் முதலிய குளங்களை நிறைத்து ஆத்தூர்ப் பகுதிவரை செல்கிறது. வடகால் கொற்கைக் குளத்தையும் வேறு பல குளங்களையும் நிறைத்துத் தூத்துக்குடியின் வாயிலிலுள்ள கோரம்பள்ளம் குளத்தில் முடிகிறது. பாண்டியரின் பழந்துறை இன்று ஒரு கால்வாயின் பின்பகுதிக் குளமாய்க் காத்திருக்கிறது.

குளம் என்பது பங்கீட்டின் பாத்திரம். கால்வாயில் நீர் இரவும் பகலும் ஓடும். வயலோ தனக்கு வேண்டியபோதுதான் குடிக்கும். இடையில் ஓடிவரும் நீரைத் தாங்கி வைத்து, மடை வழியே அளந்து விடுவது குளம். மேற்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்தை எட்டும். இதனைக் காவல் செய்ய மடைக்குடும்பர் இருந்தனர். யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை அவர்கள் அறிவர். தூர் எடுக்க ஊரே திரளும் குடிமராமத்து இருந்தது. இம்முறையில் ஏற்றத்தாழ்வுகளும் இருந்தன. உழைப்பு ஒருவருடையதாகவும் விளைச்சல் வேறொருவருடையதாகவும் இருந்த நிலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மேலே இருப்பவன் குளத்தைத் தூரவிட்டால் கீழே இருப்பவன் பட்டினி கிடப்பான் என்ற உண்மை அன்று அனைவர் கண்முன்னும் இருந்தது. தூர்ந்த குளம் விரைவில் நிறையும், விரைவில் வற்றும். வற்றியவுடன் மீண்டும் கால்வாயை நோக்கிக் கை நீட்டும். அப்போது கடைமடைக்கு முறையே வராது.

20-ஆம் நூற்றாண்டில் இவ்வாற்றின் பந்தியில் புதியவர்கள் வந்தமர்ந்தனர். முதலில் வந்தவர்கள் தாகத்தோடு வந்தனர். தூத்துக்குடி நகரம் வளர்ந்தது; கிணறுகள் உவர்த்தன. ஐந்து முறை நகராட்சித் தலைவராயிருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரவருணி நீரை நகரத்திற்குக் கொணரும் திட்டத்திற்காகப் பாடுபட்டார். அந்நகர மக்கள் இன்றும் அவரை நன்றியோடு நினைவுகூர்வதற்கு அந்நீரே காரணம். கடலில் உழைப்பவனும் ஆற்றின் உரிமையாளனே என்று முதன்முதலில் உரக்கச் சொன்ன செயல் அது எனலாம்.

அடுத்து மின்சாரம் வந்தது. 1940-களில் பாபநாசம் அணையும், 1958இல் மணிமுத்தாறு அணையும் அமைந்தன. ஆற்றின் போக்கு பருவமழையின் கையிலிருந்து மனிதரின் கைக்கு மாறியது. பின்னர்த் தொழிற்சாலைகள் வந்தன. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. உரம், வேதிப்பொருள், அனல்மின் நிலையம் என்று ஆலைகள் எழுந்தன. அவற்றுக்காக நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 9 கோடி லிட்டர் நீரை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆலைகளால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. நம் பங்குகளிலும் அத்தகைய குடும்பங்கள் பல. எனவே ஆலைகளைப் பகைவராய்ச் சித்திரிப்பது எளிது, நேர்மையன்று. கேட்கவேண்டிய கேள்வி வேறு. புதிதாய் வந்த ஒவ்வொருவருக்கும் இலை போட்டபோது, ஏற்கெனவே கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவனுடைய இலையை எவரேனும் திரும்பிப் பார்த்தனரா?

பார்க்கவில்லை என்பதைக் கடைமடையின் நிலையே சொல்கிறது. தாமிரவருணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பருவங்கள் உண்டு. அணைகளில் நீர் குறைந்த ஆண்டுகளில் கார் பருவத்தில் மேல் அணைக்கட்டுகளே முந்துகின்றன. மருதூர், ஸ்ரீவைகுண்டம் பாசன உழவர்கள் அச்சாகுபடியை இழக்கின்றனர் என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. மறுபுறம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மணலும் வண்டலும் மண்டி, அமலைச்செடியும் சீமைக்கருவேலும் படர்ந்தன. நீர் நிற்கவேண்டிய இடத்தில் காடு நின்றது. இறுதியில் 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணையிட்ட பின்னரே தூர்வாரும் பணி தொடங்கியது. ஊர் கூடிச் செய்த குடிமராமத்து, நீதிமன்றப் படியேறிப் பெறவேண்டிய ஒன்றாய் மாறியிருந்தது.

நீரின்மை மட்டுமே இவ்வட்டாரத்தின் துயரன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஆண்டின் மழையை விஞ்சியது ஒரே நாள் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் மூழ்கின. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் நீர் புகுந்தது. கோடையில் தவிக்கும் கடைமடையே மாரியில் மூழ்கும் மடையாகவும் இருக்கிறது. குளத்தின் ஆழம் குறைந்தால் வறட்சியும் வெள்ளமும் ஒரே வாசல் வழியாக நுழையும்.

"இவ்வளவு நீரும் வீணாய்க் கடலில் கலக்கிறதே" என்று பலர் வருந்துவர். மிகைநீரை வறண்ட சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரங்களுக்குக் கொண்டுசெல்லும் தாமிரவருணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. தேரிமணலில் தவிக்கும் ஊர்களுக்கு அது வேண்டிய உதவியே. ஆனால் கடற்கரையில் வாழும் நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கடலில் சேரும் ஆற்றுநீர் முழுவதும் வீணன்று. அது முகத்துவாரத்தில் உவர்நீரை எதிர்த்து நிற்கிறது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலின் நிலத்தடி நீரைக் காக்கிறது. புன்னைக்காயலின் அலையாத்திச் செடிகளையும், அங்கே வளரும் இறாலையும் மீன் குஞ்சுகளையும் பேணுகிறது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோன இக்கரையில், எஞ்சியிருக்கும் கடல்வளத்திற்கும் ஆற்றில் ஒரு பங்கு உண்டு.

அப்படியாயின் முறையான திட்டம் எதுவாக இருத்தல் வேண்டும்? இசுபானிய நாட்டு வலென்சியா நகரம் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. துரியா ஆற்றின் கால்வாய்ப் பாசன உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பேர், வியாழன்தோறும் நண்பகலில், பேராலயத்தின் திருத்தூதர் வாயிலருகே கூடுகின்றனர். நீர் வழக்குகளை வாய்மொழியாகவே கேட்டு, எல்லார் முன்னிலையிலும் தீர்ப்புச் சொல்கின்றனர். பல நூற்றாண்டு பழமையான இம்மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அங்கும் எட்டுப் பேர். இங்கும் எட்டு அணைக்கட்டுகள். தமிழ்நாட்டிலும் பாசன அமைப்புகளை உழவர்கள் மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000இல் இயற்றப்பட்டுள்ளது. எனவே வழி புதிதன்று. நடப்பதற்கு மனம் வேண்டும்.

எட்டு அணைக்கட்டுகளின் உழவர்களும், நகரங்களின் பொறுப்பாளர்களும், ஆலைகளின் சார்பாளர்களும், முகத்துவாரத்து மீனவர்களும் ஒரே அவையில் அமரவேண்டும். ஒவ்வோர் அணைக்கட்டிலும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு சென்றது என்ற கணக்கு ஊரறிய எழுதப்படவேண்டும். மக்களின் தாகம் முதலிலும், பயிர் அடுத்தும், ஆலை அதன்பின்னும் என்ற வரிசை, மழை பொய்க்கும் ஆண்டில் மாறாதிருக்கவேண்டும். கடலை வாசலில் வைத்திருக்கும் ஆலைகள், கடல்நீரை நன்னீராக்கியும் பயன்படுத்திய நீரைத் தூய்மை செய்தும் தம் தேவையை நிறைவு செய்துகொள்ளலாம். ஏழை உழவனுக்கு அவ்வசதி இல்லை. குளங்களின் தூர், வெள்ளம் வந்தபின் அன்று, வருமுன் எடுக்கப்படவேண்டும்.

இவை அனைத்திலும் மேலாக, கணக்கைத் தொடங்கும் இடம் மாறவேண்டும். மேலணையில் தொடங்கும் கணக்கில், கடைசியில் எஞ்சுவதே கொற்கைக்கு வருகிறது. எதுவும் எஞ்சாவிட்டால் எவரும் குற்றவாளியல்லர். கடைமடையில் தொடங்கும் கணக்கோ வேறு. கொற்கைக் குளத்திற்கும் புன்னைக்காயல் முகத்துவாரத்திற்கும் குறைந்த அளவாக இவ்வளவு சேரவேண்டும் என்று முதலில் வரையறுத்து, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு கதவையும் திறக்கும் அளவை அது குறிக்கும். கடைசி வயல் நனைந்தால் இடையிலுள்ள வயல்கள் எல்லாம் நனைந்தன என்பது பொருள்.

ஒரு காலத்தில் உலகின் கலங்கள் தேடிவந்த ஊர் இன்று கால்வாயில் வரும் நீரைத் தேடி நிற்கிறது. துறைமுகம் போனது இயற்கையின் செயல். அதை மீட்க இயலாது. குளத்திற்கு நீர் வராமற் போவது மனிதரின் செயல். அதை மாற்ற இயலும். அடுத்த கார் பருவத்தில் அணைகள் திறக்கப்படும் செய்தியைப் படிக்கும்போது, வாசகர்களே, எத்தனை கன அடி திறந்தனர் என்பதோடு நின்றுவிடாமல், கொற்கைக் குளத்திற்கு எத்தனை அடி வந்தது என்றும் கேட்போம்.