முல்லோயாக் கோவிந்தனும் குடும்பமும்

1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சமசமாஜவாதிகள் வழிநடத்திய அப்போராட்டத்தில், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். இரண்டாம் உலகப் போர் தொடங்கி நான்கு மாதங்களே கழிந்திருந்தன.

விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பில் தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வா, தோட்டத் துரைமாரும் அரச யந்திரமும் கைகோத்து நின்றமையை அம்பலப்படுத்தினார். இதையொட்டி, பொலிசை நெறிப்படுத்தும் அதிகாரம் யாருக்குரியது என்ற தகராறு முற்றி, அமைச்சர்கள் பதவி துறக்கவும் நேர்ந்தது.

அரசியல் வரலாறு இதனை யாப்பு நெருக்கடியாகக் காண்கிறது. தொழிற்சங்க வரலாறு தியாகமாகப் போற்றுகிறது. இவ்விரண்டிலும் குடும்பம் பின்தள்ளப்படுகிறது என்பதே எமது கருத்து. தோட்டத்தில் உழைப்பின் அலகு தனிமனிதனன்று, குடும்பமே. 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண், பெண், சிறுவர் ஆகியோருக்கு வெவ்வேறு குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டது. லயத்து அறையோ வேலையோடு பிணைந்திருந்தது. ஆகவே, வேலைநிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளி தன் கூலியை மட்டுமன்றி, குடும்பத்தின் கூரையையும் பணயம் வைத்தே இறங்கினான்.

கோவிந்தனின் மனைவி நீதி கேட்டு நின்ற அதே நாட்டில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தகைய குடும்பங்களுள் பெரும்பாலானவற்றை நாடற்றவையாக்கியது. எஞ்சியோருக்கு 2003இலேயே சட்டம் வழிவிட்டது. துப்பாக்கி ஓருயிரைப் பறித்தது. சட்டமோ தலைமுறைகளின் உரிமையைப் பறித்தது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கும்போதே முல்லோயாவின் வரலாறு முழுமை பெறும்.