விண்ணப்பிக்கும் உரிமை



குடியாட்சியில் வாக்குரிமையின் சிறப்பை நாம் நன்கு அறிவோம். அதற்கு இணையான மற்றோர் உரிமையும் உண்டு. அது, குறைதீர்க்குமாறு அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கும் உரிமை. 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பிற் சேர்ந்த முதல் திருத்தம் இதனைக் காக்கின்றது. சட்டமியற்றுவோரை நேரிற் கண்டு வழக்குரைப்பதை ஆங்கிலத்தில் ‘லாபி’ செய்தல் என்பர். மன்றத்தின் முன்கூடத்துக்குரிய பெயரே அச்செயலுக்கும் ஆயிற்று.

இவ்வுரிமையை அஞ்சாது கையாண்டவர் பிராங்க் கேமனி. அவர் ஹார்வர்டில் வானியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப்போரில் போர்முனை கண்டவர். இராணுவ நிலப்படத் துறையில் பணியாற்றிவந்த அவரை, தன்பாலினரை விரும்புபவர் என்பதற்காக 1957-இல் அரசாங்கம் நீக்கியது. 1953-இல் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த ஆணை அதற்கு இடமளித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

அந்நாளில் இத்தகையோரின் இக்கட்டு யாது? பெயரை மறைத்தால் விண்ணப்பிக்க இயலாது. வெளியிட்டால் பிழைப்புக்கு வழியில்லை. ஆதலால் பலர் வாய்மூடி வாழ்ந்தனர். கேமனியோ 1961-இல் வாஷிங்டனில் ‘மாட்டஷீன் கழகம்’ கண்டார். மறுவருடம் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். இசைவான விடை தந்தோர் இருவரே.

1963-இல் அக்கழகம் நிதி திரட்டுவதைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. கேமனி காங்கிரஸ் துணைக்குழுவின்முன் தம் பெயரோடு தோன்றிச் சாட்சியம் அளித்தார். கீழ்ச்சபை மசோதாவை நிறைவேற்றியும், அது சட்டமாகவில்லை. 1965 ஏப்ரல் 17-இல் பத்துப்பேர் அளவிலான சிறுகுழு வெள்ளை மாளிகை எதிரே தட்டி ஏந்தி நடந்தது. ஆடவர் கோட்டும் டையும் அணிந்து, அலுவலகம் செல்வார்போலவே வந்தனர். அலுவற்குத் தகுதியுடையோர் என்பதைத் தோற்றமே கூறவேண்டும் என்பது அவர் கருத்து.

1975-இல் சிவில் சர்வீஸ் கமிஷன் அப்பணித்தடையை நீக்கியது. 2009-இல், கேமனியின் 84-ஆம் வயதில், அரசாங்கம் அவரிடம் மன்னிப்புக் கோரியது. இடையில் 1995-இல், திருநர்களும் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகங்களுக்குச் சென்று தம் குறைகளை எடுத்துரைத்தனர்.

இழந்த பணி கேமனிக்கு மீளவில்லை. ஆனால் பின்வந்தோர்க்கு வழி திறந்தது. எண்ணிக்கையிற் சிறியவரும் தம் பெயரைச் சொல்லி நியாயத்தைக் கேட்கலாம். கேட்பாரின்றேல் எந்த உரிமையும் ஏட்டளவிலேயே நின்றுவிடும். இதனை மாணவர் உள்ளத்திற் கொள்வாராக.