பூங்காவைத் தின்றது யார்?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள சின்ன ரயில் நிலையத்துக்குப் 'பூங்கா' என்று பெயர். பக்கத்திலேயே இன்னொரு நிலையம். அதற்குப் 'பூங்கா நகர்' என்று பெயர். வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே இறங்கி, "பூங்கா எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் ஸர் சார்லஸ் டிரெவெல்யன். நெருக்கடியான தெருக்களில் வாழும் ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார் அவர். வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860-லேயே சீமை சர்க்கார் அவரைத் திருப்பி அழைத்துக் கொண்டது. ஆனால் அவர் நினைத்த தோட்டம் நின்றுவிடவில்லை. 116 ஏக்கர் நிலம், 11 குளங்கள், ஐந்தரை மைல் பாதை, பாண்டு வாத்திய மேடை! 'பீப்பிள்ஸ் பார்க்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். எழும்பூர் மியூசியத்தில் இருந்த மிருகங்களும் பிறகு இங்கே குடிவந்தன. மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று சென்னை ஜனங்கள் பட்டம் சூட்டினார்கள்.

அப்படிப்பட்ட பூங்காவைத் தின்றது யார்?

முதலில் ஒரு பொது மண்டபம் கேட்டார்கள். 1880-களில் விக்டோரியா ஹால் எழுந்தது. பிறகு ஒரு நல்ல அங்காடி வேண்டுமென்றார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. நகரசபைக்கு இடம் போதவில்லை; 1913-ல் ரிப்பன் கட்டடம் வந்தது. விளையாட்டுக்கு மைதானம் வேண்டாமா? அதுவும் வந்தது, 1990-களில் பிரம்மாண்டமான நேரு ஸ்டேடியமாக வளர்ந்தது. 1985-ல் வண்டலூரில் புதிய மிருகக்காட்சி சாலை திறந்தார்கள். உயிர் காலேஜும் போயிற்று. அதே வருஷம் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்த வாசகர்களுக்கு அது ஒரு துக்க நாள். அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கு நிலையம் கட்டி, மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றையும் நிறுவினார்கள். பூங்காவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. மை லேடீஸ் பூங்கா என்ற துண்டு ஒன்றுதான் மிச்சம்.

இந்தப் பட்டியலில் வில்லன் யாராவது இருக்கிறானா, பாருங்கள். மண்டபம், கடை, அலுவலகம், மைதானம், ரயில் எல்லாமே ஊருக்கு வேண்டியவைதான். ஒவ்வொருவரும் ஒரு கவளம்தான் கேட்டார்கள். மரமும் புல்லும் நிற்கும் நிலம் அதிகாரிகளின் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகவே பட்டது. ஒரு குழந்தை ஓடியாடியதற்கும், ஒரு கிழவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததற்கும் எந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பது?

பெங்களூரில் கப்பன் பூங்காவையும் லால்பாக்கையும் காக்க 1975-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதற்குப் பிறகும் வழக்குகள் ஓயவில்லை என்பது உண்மைதான். ஆனால் பூங்காவில் கை வைக்க வந்தவர்கள் காரணத்தைச் சபையறியச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பூங்காக்கள் இன்னும் பூங்காக்களாகவே இருக்கின்றன.

நம் நகரங்களில் மிஞ்சியிருக்கும் பழைய தோட்டங்களுக்கும் இப்படி ஒரு வேலி வேண்டும். திருடனை விரட்டக் காவற்காரன் போதும். நல்ல காரியத்துக்காக நிலம் கேட்டு வருகிறவரிடம் "முடியாது" என்று சொல்வதற்குத்தான் சட்டத்தின் பலம் தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் பூங்காக்கள் ரயில் நிலையப் பலகைகளில் மட்டுமே பூத்துக்கொண்டிருக்கும்.