தவிர்ச்சி முதல் ரத்து வரை

தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு சூத்திரம், பாதியில் நின்றுபோகும் பயணத்துக்கு இலக்கணம் சொல்கிறது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவி படும் துயரத்தைக் கண்டு போக்கை நிறுத்துகிறான். இதற்குச் ‘செலவழுங்கல்’ என்று பெயர். அவன் போகாமலே இருந்துவிடுவான் என்று இதற்குப் பொருளில்லை. அவளைத் தேற்றி, பிரிவுக்கு உடன்பட வைக்கும்வரை தங்குகிறான், அவ்வளவே. அந்தத் தங்கலைத் ‘தவிர்ச்சி’ என்கிறது சூத்திரம். நிறுத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பதை இலக்கண நூலே இத்தனை நுட்பமாகப் பிரித்துக் காட்டியிருப்பது வியப்புக்குரியது. தலைவன் தன் நெஞ்சோடு வாதாடிப் பயணத்தைத் தள்ளிப்போடும் பாலைப் பாடல்கள் பலவும் இந்தத் துறையில் அமைந்தவை.

அகத்தில் பயணம் நின்றது என்றால், புறத்தில் நிறுத்தப்பட வேண்டியது போர். புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாடல்கள் மூன்றும் கோவூர்கிழார் பாடியவை. மூன்றுக்கும் துறை துணைவஞ்சி. உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் பார்த்து, தோற்பது யாராயினும் தோற்பது சோழர்குடியே என்று எடுத்துச் சொன்னது முதல் பாடல். மலையமான் மக்களை யானைக் காலில் இடுவதைத் தடுத்தது அடுத்தது. ஒற்றன் எனக் கருதப்பட்டுக் கொல்லப்பட இருந்த இளந்தத்தன் என்னும் புலவரை மீட்டது மூன்றாவது. தொடங்கிவிட்ட ஒன்றை இடையில் நிறுத்தச் சொல்லும் உரிமை படையில்லாத புலவருக்கு இருந்தது என்பதற்கு இவையே சான்று.

கல்வெட்டுகளில் இந்த உரிமை அரசனிடமும் சபையிடமும் போய்ச் சேர்கிறது. நிலக்கொடை ஆவணங்களில் பழைய உடைமையாளரின் உரிமையும் ஊரின் பழைய பெயரும் ‘தவிர்க்கப்படுகின்றன’. முதல் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப்பட்டான். கற்பியலில் சில நாள் தங்கலைக் குறித்த சொல், இங்கே ஒரு வரியையே நீக்கும் அரசாணை ஆகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கும்போது வேறொரு வினையை எடுத்துக்கொள்கின்றன. 360 நாள் நிறைந்ததும் வாரியம் ‘ஒழிகிறது’. குற்றம் கண்டால் அந்த வாரியத்தானை உடனே ‘ஒழிக்க’ வேண்டும். தானாக முடிவதற்கும் நடுவில் முடித்துவைப்பதற்கும் இடையே தன்வினை, பிறவினை என்ற வேறுபாடு மட்டுமே.

தமிழகத்தில் மிகவும் பெயர்பெற்ற நின்றுபோன திருமணம் சுந்தரருடையது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, புத்தூரில் மணப்பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, மணமகன் தனக்கு அடிமை என்கிறார். அதற்கு ஆதாரமாக அவர் வைத்திருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் அதை எடுத்துக் காட்ட, அதில் உள்ள சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அவையோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆவணத்தைக் கிழிப்பதால் மட்டும் கடப்பாடு அற்றுப்போகாது என்ற சட்ட அறிவு அக்காலத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை இந்தக் காட்சி காட்டிவிடுகிறது. பண்ருட்டிப் பக்கத்தில் உள்ள அந்த ஊர் ‘மணம் தவிர்ந்த புத்தூர்’ என்றே பெயர் பெற்றது.

ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் நிர்வாக மொழியாக இருந்தது. அந்த வழியில் வந்து, பின்னர் கம்பெனிக் கச்சேரிகளில் நிலைத்த சொற்களே இன்றும் அலுவலகங்களில் அதிகம் புழங்குகின்றன. ‘ரத்து’ அரபி மூலமுடையது; ‘வாபஸ்’ பாரசீகம். ‘ராஜினாமா’ என்பதன் நேர்ப்பொருள் இசைவுப் பத்திரம். இரு தரப்பும் இசைந்து வழக்கை முடித்துக்கொள்ளும் உடன்படிக்கைக்கு அதுவே பெயர். பதவி விலகல் என்ற பொருள் இன்று மேலோங்கிவிட்டாலும், நீதிமன்ற வட்டாரத்தில் ‘ராஜி ஆனது’ என்று சொல்லும்போது பழைய பொருள் தெரிகிறது. இவற்றுக்கு நடுவே தமிழ்ச் சொல்லாகிய ‘தள்ளுபடி’யும் வழக்கு மன்றத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எழுத்து எட்டாத இடங்களில் சடங்கு அந்த வேலையைச் செய்தது. கள்ளர் சமூகத்தில் கணவன் சாதியார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்தது என்று பொருள் என 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் பதிவு செய்கின்றன. ‘துரும்பு கொடுப்பது’ என்றாலே விலக்குதல்; ‘துரும்பு வாங்குவது’ என்றால் அதை ஏற்றல். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் நீதிமன்ற மணமுறிவுக்கு வழி வகுத்தது. ஆயினும், வழக்காறு ஏற்கும் மணமுறிவு உரிமையை அதன் 29ஆம் பிரிவு அப்படியே விட்டுவைத்தது.