பத்தொன்பதாவது ரேங்க்!

ஒரு பரீட்சை பேப்பர். திருத்தியவர் ‘சுமார்’ என்று மார்க் போட்டுத் தூக்கி வைத்துவிட்டார். பதினைந்து வருஷம் கழித்து அதே பேப்பரை எடுத்துப் பார்த்து, ‘அடடா, இவனல்லவா ஸ்டேட் ஃபர்ஸ்ட்!’ என்றால் பையனுக்கு எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் ஒரு இசைக்குழுவுக்கு அதுதான் நடந்தது.

1989 மே மாதம். மான்செஸ்டர் நகரத்து நாலு இளைஞர்கள் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பாட்டுக்கு இயன் பிரவுன், கிட்டாருக்கு ஜான் ஸ்கொயர், பேஸ் கிட்டாருக்கு மானி, டிரம்ஸுக்கு ரெனி. குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர் இரண்டுமே ‘தி ஸ்டோன் ரோஸஸ்’.

‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் பாப் ஸ்டான்லி ஆகா ஓகோ என்று எழுதினார். ஆனால் எல்லோரும் அப்படி மயங்கவில்லை. ‘அறுபதுகளின் கிட்டார் பாட்டுதானே... பரவாயில்லை’ என்கிற தோரணையும் இருந்தது. விற்பனைப் பட்டியலிலும், அந்த முதல் சுற்றில், 19-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

ஏன்? விமர்சகர் மேஜையில் உட்கார்ந்து கேட்டார். ரசிகனோ ஆடிக்கொண்டே கேட்டான்! அப்போது மான்செஸ்டரில் ‘ஹசியெண்டா’ கிளப் கொடிகட்டிப் பறந்த நேரம். அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்த ‘ஹவுஸ்’ இசைக்கு விடிய விடிய ஆட்டம். ராக் கேட்பவன் தனி ஜாதி, டான்ஸ் ஆடுபவன் தனி ஜாதி என்றிருந்த கோட்டை இந்த நால்வரும் அழித்தார்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எட்டு நிமிஷத்துக்கு மேல். பாதியில் பாடல் நின்றுபோய், டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் மட்டும் கால்களைத் தரையில் நிற்க விடாமல் பண்ணும்!

விஷயம் வாய்வழியாகப் பரவியது. 1990 மே 27-ல் ஸ்பைக் ஐலண்டில் நடந்த கச்சேரிக்குச் சுமார் 27 ஆயிரம் பேர் திரண்டார்கள்.

சரி, சுடச்சுட அடுத்த ஆல்பம்? அங்கேதான் வில்லங்கம். ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டு, கேஸ். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்... ஒருவரின் தொழிலை அநியாயமாகக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்று ‘மெர்க்கன்டைல் லா’ பேப்பரில் படிப்போமே, அதே சமாச்சாரம்தான். 1991-ல் தீர்ப்பு குழுவுக்குச் சாதகம். ஆனால் இரண்டாவது ஆல்பம் வர 1994 டிசம்பர் ஆகிவிட்டது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காத்துக்கிடந்த ரசிகர்கள் ஓடிப்போய் வாங்க, அது பட்டியலில் 4-ஆம் இடம்! ஆனால் கேட்டவர்களில் பலர் முகம் வாடியது. ‘முதல் ஆல்பம் மாதிரி வருமா?’ என்றார்கள். 1996-ல் குழுவே கலைந்தது.

அந்த ‘சுமார்’ ஆல்பமோ 2004-ல் ‘அப்சர்வர்’ பத்திரிகைக்காக இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் வாக்களித்த தலைசிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களில் முதலிடம் பிடித்தது. 2006-ல் ‘என்.எம்.இ.’ பத்திரிகையின் பட்டியலிலும் அதுவே முதல்! குழு மறுபடி சேர்ந்தபோது, 2012-ல் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க்கில் நடந்த மூன்று நாள் கச்சேரிக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது.

விற்பனைக் கணக்கு, எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சொல்லும். வாங்கியவர் அதை இருபது வருஷம் கழித்தும் எடுத்துக் கேட்கிறாரா என்பதற்கு எந்த லெட்ஜரிலும் காலம் கிடையாது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு பத்தொன்பதாம் ரேங்க் கேசட் இருக்குமே... தூசி தட்டி எடுங்களேன்!