ரிமோட்டைத் தெரிவுசெய்தது யார்?

மாதிரி ஹெலிகொப்டர் பறக்கவிடத் தொடங்குகிறவர்களிடம் அனுபவமுள்ள ஆக்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: காசை மிச்சம் பிடிக்கிறதெண்டால் ஹெலியில் பிடி, ட்ரான்ஸ்மிட்டரில் பிடிக்காதே. காரணம் லேசு. ஹெலி எப்படியும் ஒருநாள் விழும். ட்ரான்ஸ்மிட்டர் கையிலேயே இருக்கும். அடுத்த ஹெலிக்கும் அதுதான், அதற்கடுத்ததற்கும் அதுதான். ஆனால் "எதை வாங்குறது?" என்ற இந்தக் கேள்வி வெறும் கடைக் கேள்வி இல்லை. ஒவ்வொரு காலத்திலும் வாங்குகிறவருக்கு முன்னால் வேறு ஆக்கள் பாதித் தெரிவைச் செய்து முடித்திருந்தார்கள். அந்தக் கதைதான் இது.

1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை வானொலி அலையால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது தெரிவு என்று ஒன்றுமில்லை. வேண்டுமெண்டால் நீயே செய்துகொள்ள வேண்டியதுதான். போருக்குப் பிறகு கடைக்கு வந்தவையும் பெரிதாக ஒன்றுமில்லை. ட்ரான்ஸ்மிட்டரில் ஒரேயொரு பொத்தான். அமத்தினால் விமானத்துக்குள் முறுக்கி வைத்த ரப்பர் பட்டி ஒரு படி அவிழ்ந்து, வால் சுக்கானை ஒரு பக்கம் திருப்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அமத்தினால் மற்றப் பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் கதை முடிந்தது. பிறகு வந்த 'ரீட்' முறையில் ஒவ்வொரு ஒலிக்கும் அதிர்கிற மெல்லிய உலோகத் தகடுகள் வேலை செய்தன. ஆனாலும் முழுக்க இடம், முழுக்க வலம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

விமானத்துக்கு இது ஓரளவு போதும். நன்றாகச் செய்த மாதிரி விமானம், கையை எடுத்தாலும் தன்பாட்டில் நேரே போகும். ஹெலி அப்படியில்லை, ஓரிடத்தில் நிற்கவே ஒவ்வொரு கணமும் சின்னச் சின்னத் திருத்தம் கேட்கும். ஆகவே ஹெலியின் வரலாறு 1960களில் பரவிய 'விகிதாசாரக் கட்டுப்பாடு' வரும்வரை தொடங்கவே முடியாது. குச்சியைக் கொஞ்சம் தள்ளினால் சேர்வோவும் கொஞ்சம் அசையும். இதற்கு அனுப்பப்படுவது ஒரு துடிப்பு. அது ஒன்றரை மில்லிசெக்கன் நீண்டால் நடு. ஒன்றுக்குக் குறைந்தால் ஒரு அந்தம், இரண்டுக்குக் கூடினால் மற்ற அந்தம். இன்றைக்குக் கடையில் வாங்குகிற சாதாரண சேர்வோவும் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறது.

இந்த வசதி கிடைத்த பிறகுதான் ஜேர்மனியின் டீட்டர் ஷ்லூட்டரால் உண்மையில் பயன்படுகிற மாதிரி ஹெலியைச் செய்ய முடிந்தது. 1960களின் கடைசியில் பல தோல்விகளுக்குப் பிறகு அது பறந்தது. 1970களில் ஹியூகோப்ரா ஹெலியைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்து ட்ரான்ஸ்மிட்டருக்குக் கணக்குப் போடத் தெரியாது. இறக்கையின் சாய்வைக் கூட்டினால் எஞ்சினுக்கும் வலு கூட வேண்டும், உடனே வால் ஒரு பக்கம் இழுக்கும், அதையும் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் தடிகளும் நெம்புகோல்களும் பறக்கவிடுகிறவரின் பெருவிரலும்தான் பார்த்துக்கொண்டன.

அடுத்து அலைவரிசை. இங்கேதான் அரசு உள்ளே வருகிறது. அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹேர்ட்ஸ், பிரித்தானியாவில் 35. ஒரு நாட்டில் வாங்கிய ட்ரான்ஸ்மிட்டரை இன்னொரு நாட்டில் இயக்கினால் சட்டவிரோதமாகிவிடும். அந்த வரிசையைத் துண்டுதுண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உங்கள் எண்ணைத் தீர்மானிப்பது உள்ளே செருகுகிற சின்னப் படிகம். அதே எண்ணில் பக்கத்தில் இன்னொருவர் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டால், உங்கள் ஹெலி அவருடைய சொல்லையும் கேட்கும், உங்கள் சொல்லையும் கேட்கும், பிறகு விழும். சுழல்கிற இறக்கையோடு ஆக்களுக்கு மேலும் விழலாம்.

அதனால் பறக்கவிடுகிற வெளிகளில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிளிப். அதை எடுத்து உன் அன்ரெனாவில் மாட்டின பிறகுதான் ட்ரான்ஸ்மிட்டரைப் போடலாம்; கிளிப் இல்லையெண்டால் வரிசையில் நில். சில இடங்களில் ட்ரான்ஸ்மிட்டர்களையே ஒரு மேசையில் ஒப்படைக்க வேண்டும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்தது இந்தப் பலகைதான். காற்று பொதுச்சொத்து என்பதை ஒரு சின்ன கிளிப்பால் ஆக்கள் நடைமுறையாக்கினார்கள். "எந்த ட்ரான்ஸ்மிட்டர்?" என்பதற்கு அப்போது உண்மையான பதில், "உங்கட வெளியில் எந்த எண் காலியாக இருக்கு?"

அதே காலத்தில் இங்கே நிலைமை வேறு. 1990களில் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர்களுக்கு ட்ரான்ஸ்மிட்டர் தெரிவு எங்கே வரும்? ஹெலி என்ற சொல்லே ஓடிப்போய் பங்கருக்குள் ஒளிக்கிற சொல்லாக இருந்தது.

1980களின் பிற்பாதியிலிருந்து ட்ரான்ஸ்மிட்டருக்குள் கணினி வந்தது. ஹெலிக்காரருக்கு இதுதான் பெரிய திருப்பம். முன்பு தடிகள் செய்த கணக்கை இப்போது மென்பொருள் செய்யும். தலைகீழாகப் பறக்கும்போது குச்சியைக் கீழே இழுத்தாலும் எஞ்சின் வலு குறையக்கூடாது. ஆகவே வலுவின் கோடு ஆங்கில 'வீ' எழுத்துப்போல வளைய வேண்டும். மூன்று சேர்வோக்கள் 120 பாகை இடைவெளியில் நின்று சுழலித் தட்டை ஒன்றாகத் தள்ள வேண்டும். ஆபத்தில் எஞ்சினை மட்டும் நிறுத்த ஒரு ஆளி வேண்டும். இவற்றுக்கெல்லாம் குறைந்தது 6 சனல் தேவை. "ஹெலி மெனு இருக்கா?" என்று இன்றும் கேட்பது இதனால்தான். விமானத்துக்கென்று மட்டும் செய்த மலிவான ட்ரான்ஸ்மிட்டர் இங்கே பிரயோசனமில்லை.

பலகையை இல்லாமல் செய்தது 2.4 கிகாஹேர்ட்ஸ். இதைச் சொல்லும்போது ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரின் பெயர் கட்டாயம் வரும். அவரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தெய்லும் 1942இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். டோர்பிடோவுக்கான வானொலிக் கட்டளை, 88 அலைவரிசைகளுக்கிடையில் தாவிக்கொண்டே இருக்கும். எதிரியால் குழப்ப முடியாது. கடற்படை அதை அப்போது பயன்படுத்தவில்லை. அவர்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று சமூக ஊடகங்களில் சுற்றுவது மிகைப்படுத்தல். ஆனால் கட்டளையைத் தாவ விடுகிற யோசனை ரிமோட் கொன்ட்ரோலுக்காகவே சிந்திக்கப்பட்டது என்பது உண்மை. 1985இல் அமெரிக்க ஒழுங்குபடுத்துநர்கள், அனுமதிப்பத்திரமில்லாமல் பரவல் அலைமுறையைப் பயன்படுத்தச் சில வரிசைகளைத் திறந்துவிட்டார்கள், 2.4 அதில் ஒன்று. 2000களின் நடுவில் ஸ்பெக்ட்ரம், பிறகு ஃபுட்டாபா என்று ஒவ்வொன்றாக அங்கே வந்தன. ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை 'பைண்ட்' ஆகிவிட்டால் பக்கத்தில் யார் போட்டாலும் பிரச்சினையில்லை. நீளமான உலோக அன்ரெனாவும் போனது.

ஆனா பொதுக் காற்று கிடைத்த அதே நேரத்தில் கொம்பனி மதில் எழும்பியது. ஸ்பெக்ட்ரமின் ரிசீவர் ஃபுட்டாபாவின் மொழியைக் கேட்காது. முன்பு அரசு கோடு கீறியது, இப்போது பிராண்ட். ட்ரான்ஸ்மிட்டரைத் தெரிவுசெய்தால் அடுத்த பத்து வருசத்து ரிசீவர்களையும் சேர்த்தே தெரிவுசெய்கிறோம். இதற்கு எதிராகத்தான் மலிவான டர்னிஜி 9எக்ஸை ஆக்கள் கழற்றி, தாங்களே எழுதிய மென்பொருளை ஏற்றினார்கள். அந்த வழியில் ஓப்பன்ரிஎக்ஸ், எட்ஜ்ரிஎக்ஸ், இப்போது எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். மாணவர் ஒருவர் இன்று வாங்குவதெண்டால் என் வாக்கு இந்தப் பக்கம்தான். இலங்கைக்கு இறக்குவதெண்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் முதலே பார்க்க வேண்டும்.

ஒரு விசயத்தை மட்டும் எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்கவில்லை. ஜப்பானில் பெரும்பாலும் 'மோட் 1', வலுக் குச்சி வலக்கையில். அமெரிக்காவில் 'மோட் 2', இடக்கையில். ஒன்றில் பழகிய விரல் மற்றதில் ஹெலியை நேரே நிலத்தில் குத்தும். ஆகவே பிராண்டைப் பார்க்க முதல், உங்களுக்குப் பழக்கப்போகிற ஆள் எந்த மோட் என்று கேளுங்கோ. ஹெலி கைமீறிப் போகிற நேரத்தில் ட்ரான்ஸ்மிட்டரைப் பறித்துக் காப்பாற்ற வேண்டியவர் அவர்தான்.