சிம்பலைன் நாடகத்தின் தமிழாக்கங்கள்

சிம்பலைன், ஷேக்ஸ்பியர் 1610ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய இன்பியல் நாடகம். சரசாங்கி, சிம்ஹளநாதன் என்ற பெயர்களில் தமிழ் மேடைக்கும், கடகம் என்ற பெயரில் தமிழ்த் திரைக்கும் வந்தது.

வகை: 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு இதைத் துன்பியல் நாடகங்களின் வரிசையில் கடைசியாக அச்சிட்டது. 1870களில் திறனாய்வாளர் எட்வர்ட் டவுடன், புயல், குளிர்காலக் கதை ஆகிய ஷேக்ஸ்பியர் நாடகங்களோடு சேர்த்து இதை அற்புத நவிற்சி நாடகம் (ரொமான்ஸ்) என்று பிரித்தார். தலையற்ற ஓர் உடலைக் கணவனுடையது என்று நம்பி நாயகி அழும் காட்சி இதில் உண்டு. ஆயினும் அவளும் கணவனும் உயிரோடு சேர்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் களவுபோன அரசகுமாரர்கள் தந்தையிடம் திரும்புகிறார்கள். அரசன் எல்லாரையும் மன்னிக்கிறான். எனவே இதை இன்பியல் என்று கொள்வதே முறை.

கதை: மன்னன் சிம்பலைனின் மகள் இமொஜென், தந்தை விருப்பத்துக்கு மாறாக போஸ்துமஸை மணக்கிறாள். நாடு கடத்தப்பட்ட போஸ்துமஸ், மனைவியின் கற்பின்மீது இயாக்கிமோ என்பவனோடு பந்தயம் கட்டுகிறான். இயாக்கிமோ ஒரு பெட்டிக்குள் ஒளிந்து அவள் படுக்கையறைக்குள் புகுந்து, உறங்குபவளின் கையிலிருந்து கடகத்தைக் கழற்றிக்கொள்கிறான். அவள் மார்பிலுள்ள மச்சத்தையும் பார்த்து வைத்துக்கொள்கிறான். இவ்விரண்டும் கணவனை நம்பவைத்துவிடுகின்றன. பந்தயக் கதை இத்தாலியக் கதையாசிரியர் பொக்காச்சியோவிடமிருந்து வந்தது. பழிசுமந்த பத்தினி, அடையாள அணி, வனவாசம் என்று இதிலுள்ள பலவும் தமயந்தி கதையையும் சந்திரமதி கதையையும் விடிய விடியக் கூத்தில் பார்த்த தொண்டை மண்டலத்து மக்களுக்குப் பழகியவை. தமிழுக்கு முன்பே மராத்தியில் மகாஜனி என்பவர் இந்த நாடகத்தைத் தாரா என்ற பெயரில் 1879இலேயே தழுவியிருந்தார்.

மேடை: தமிழில் சரசலோசனச் செட்டியாரின் சரசாங்கி, 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளும் (1867–1922) சிம்பலைனை நாடகமாக்கினார். இவற்றுள் தலையாயது பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) சிம்ஹளநாதன். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பல்லாவரத்தை அடுத்துள்ள பம்மல் அவருடைய குடும்பத்தின் ஊர். அவர் பிறந்தது சென்னையில். பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்த ஊக்கத்தில் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். இத்தகைய சபைகளின் வழியாக வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறத் தொடங்கிய பிறகுதான் நாடகத்துக்குச் சமூக மரியாதை கிடைத்தது. ஆங்கிலப் பெயர்களின் ஓசை கெடாமல் தமிழ்ப் பெயர் சூட்டுவது சம்பந்த முதலியாரின் வழக்கம்: ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், சிம்பலைன் சிம்ஹளநாதன் ஆனான். சபையில் ஆண்களே பெண் வேடம் கட்டினர், அதில் சி. ரங்கவடிவேலு பெரும்பெயர் பெற்றவர். இமொஜென் இடையில் ஆண் உடை தரிப்பவள். பெண்ணாக நடிக்கும் ஆண் மீண்டும் ஆணாக வேடமிடும் இந்த நுட்பம் ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடைக்கும் உரியது. பெண்களே நடிக்கும் மேடையில் இந்தச் சுவை கிடைக்காது.

திரை: டி. ஜி. ராகவாச்சாரி இயக்கிய கடகம் 1940களின் பிற்பகுதியில் வெளியானது. இயாக்கிமோ கவர்ந்துசென்ற அணியே படத்தின் பெயராயிற்று.

இன்றைய நிலை: சம்பந்த முதலியாரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. ஆயினும் சிம்ஹளநாதன் மேடையேறுவது அரிது.